பல் பிடுங்கப்பட்ட நாகம்

போத்தலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தவர் புதிதாக வந்திருக்கும் விலங்கியல் ஆசிரியை. பள்ளிக்கூடத்தின் பழைய களஞ்சிய அறையை ஒதுக்குகிறார்களாம். எதை வைப்பது, எதை எறிவது என்று சொல்ல ஆளில்லையாம். முப்பது வருடத்துக்கு மேல் அந்த ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்த மனிதர் உரும்பிராயில் இன்னும் நடமாடித் திரிகிறார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், ஆளனுப்பிவிட்டார். நானும் தோய்த்து வைத்திருந்த வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு, என்னவோ பெரிய மனிதனைப்போலப் போய்க் கதிரையில் இருந்தேன். தவளை வந்தது, கடற்குதிரை வந்தது, குடல் தெரிய வெட்டிய எலி வந்தது. "உதை எறியலாம் பிள்ளை, உது இருக்கட்டும்" என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு அது வந்தது.

போமலின் பாதி வற்றித் தேத்தண்ணி நிறத்துக்கு மாறியிருந்தது. உள்ளே மூன்று சுற்றாகச் சுருண்டு, படம் அரைவாசி விரிந்தபடி, வாய் இறுக மூடியபடி அந்த நாகம். போத்தலில் ஒட்டிய கடதாசியில் கறுப்பு மையில் இரண்டு வரி. முதல் வரி அதன் விஞ்ஞானப் பெயர். இரண்டாவது வரி, "பாம்பாட்டியால் பல் பிடுங்கப்பட்ட நாகம்". ஆசிரியை துணியால் தூசியைத் துடைத்துவிட்டு, "என்ன வடிவான எழுத்து ஐயா! ஆர் எழுதினது?" என்று கேட்டார். எழுதியவன் நான். முதல் வரி சரி, இரண்டாவது வரி பச்சைப் பொய். எழுதும்போது அது பொய் என்று எனக்குத் தெரியாது. எழுதிய அன்று பின்னேரமே தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் அதை அப்படியே ஒட்டியவனும் நான்தான்.

எங்கள் விலங்கியல் ஆசிரியரை ஊரே மாஸ்டர் என்றுதான் சொல்லும். நான் சேர் என்பேன். எனக்கு அந்த வேலையை எடுத்துத் தந்தவர் அவர். அவரைக் கெட்டவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அப்படி நினைத்தால் இந்தக் கதையே தேவையில்லை. சைக்கிள் கான்டிலில் ஒரு பழைய தூரதரிசினி தொங்கும், அறுந்த வாருக்குப் பதிலாகச் சணல் கயிறு கட்டியிருப்பார். மாரி முடிந்த கையோடு தொண்டைமானாற்றுக் கடல்நீரேரிக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போய், விடியற்காலைச் சேற்றுக்குள் முழங்கால் புதைய நிற்கவைத்து, வெளிநாட்டிலிருந்து பறந்துவரும் தாரா வாத்துகளைக் காட்டுவார். யாராவது தும்மினால் கோபம் பொத்துக்கொண்டு வரும். வீட்டுக்குள் சாரைப்பாம்பு வந்துவிட்டது என்று எந்த வீட்டில் குரல் கேட்டாலும், பொல்லோடு ஓடுகிற ஆட்களுக்கு முந்தி அவர் ஓடுவார். பாம்பைச் சாக்கில் பிடித்து, சைக்கிளில் வைத்து, தோட்டவெளியில் விட்டுவிட்டு வருவார். "உயிர் ஒண்டும் ஆருக்கும் சொந்தமில்லை" என்பது அவருடைய வாய்ப்பாடம். பெடியன்கள் ஆந்தைக்குக் கல்லெறிவதை நிறுத்தியது அவரால்தான். பள்ளிக்கூடத்தில் இயற்கைக் கழகம் என்று ஒன்றைத் தொடங்கி, காகம் குருவி எல்லாவற்றுக்கும் விஞ்ஞானப் பெயர் சொல்லப் பழக்கினார். எனக்கு அந்தப் பெயர்கள் இன்றைக்கும் பிசகாமல் வரும்.

அவருக்குக் கண்ணில் காட்டக்கூடாத ஒரு கூட்டம் இருந்தது. வருடா வருடம் மாரி முடிந்ததும் கிழக்கிலிருந்து வன்னி வழியாகக் குறவர்கள் தீபகற்பத்துக்கு வருவார்கள். கழுதைகளின் முதுகில் ஓலைக் கூடாரம், சட்டி, பானை, கோழி, குழந்தை எல்லாம் வரும். ஆண்கள் பாம்பு ஆட்டுவார்கள், பெண்கள் கைபார்த்துச் சொல்வார்கள். கோயில் கோயிலாகத் திருவிழாவைப் பின்தொடர்ந்து போவார்கள். ஓரிடத்தில் ஏழு நாளுக்கு மேல் தங்கமாட்டார்கள். அது அவர்களுடைய கட்டு. எட்டாம் நாள் விடியப் போய்ப் பார்த்தால் அடுப்புச் சாம்பலும் கழுதை விட்டையும்தான் கிடக்கும். அடுத்த மாரிக்கு முன்னம் எல்லாரும் திரும்பிப் போய்விடுவார்கள். போகிற வழியில் உடும்பு பிடிப்பார்கள், முயல் பிடிப்பார்கள், அது உண்மை. மாஸ்டருக்கு அதுதான் பொறுக்காது. "உவங்களாலைதான் ஒண்டும் மிஞ்சுதில்லை. ஊருக்கை விடக்கூடாது உவங்களை" என்று, ஊர்ப் பதிவு பார்க்கும் விதானையாருக்கு மனுமேல் மனு எழுதுவார். அந்த மனுக்களைத் திருத்தமாகப் படி எடுத்தவனும் நான்தான், எழுத்து வடிவு என்ற பாவத்துக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் துவக்கோடு போய்த் தாராவை மாலைகட்டிக் கொண்டுவந்த எங்கள் ஊர்ப் பெரியவர்களைப் பற்றி ஒரு மனுவும் எழுதப்படவில்லை. அது அப்போது எனக்கு உறைக்கவுமில்லை.

எண்பத்துநான்காம் ஆண்டு. முந்தின வருடத்துக் கலவரத்தில் கொழும்பிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய சனம் இன்னும் உறவினர் வீடுகளில் ஒதுங்கியிருந்த காலம். றோட்டில் அங்கங்கே மறித்து அடையாள அட்டை கேட்கத் தொடங்கியிருந்தார்கள். இந்த வருடம் குறவர்கள் வரமாட்டார்கள் என்றுதான் மாஸ்டர் நினைத்தார். வந்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் இயற்கைக் கண்காட்சிக்கு ஆயத்தம் நடந்துகொண்டிருந்தது. "வனவுயிர்களைக் காப்போம்" என்று பெரிய எழுத்தில் நான் துணியில் எழுதி முடித்திருந்தேன். அந்தக் கிழமைதான் ஆடி அமாவாசை வந்தது.

ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் சனம் எள்போட இடமில்லாமல் நிற்கும். தகப்பனில்லாதவர்கள் கேணியில் முழுகி, கடற்கரையில் பிதிர்க்கடன் கழிப்பார்கள். நானும் போயிருந்தேன், மாஸ்டரும் வந்திருந்தார். ஈரவேட்டியோடு நாங்கள் திரும்பும்போது, கேணிக்கு அப்பால் ஆலமரத்தடியில் மகுடிச் சத்தம் கேட்டது. ஒரு ஆள், ஐம்பது வயதிருக்கும், சிவப்புத் தலைப்பாகை, முன்னே ஒரு பிரம்புக் கூடை. கூடைக்குள்ளிருந்து முழ உயரத்துக்கு எழுந்து நின்றது அந்த நாகம். மினுமினுவென்று எண்ணெய் பூசின மாதிரி ஒரு உடம்பு. மாஸ்டர் கொஞ்ச நேரம் அப்படியே நின்று பார்த்தார். அவருடைய முகத்தில் முதலில் வந்தது ஆசை, பிறகுதான் கோபம் வந்தது. விதானையாரும் அங்கே தர்ப்பணத்துக்கு வந்திருந்தார். மாஸ்டர் போய் அவரைக் கையோடு கூட்டிவந்தார்.

"எந்த விதானையின்ரை ஆள் நீ?" என்று கேட்டார் விதானையார். அந்த மனிதன் சிரித்தான். ஏழு நாளுக்கொரு ஊரில் இருக்கிறவனுக்கு விதானை ஏது? "அட்டை?" இல்லை. "பாம்பின்ரை பல்லைப் பிடுங்கி வைச்சுப் பிழைக்கிறியே, உனக்குப் பாவமாயில்லையோ?" என்றார் மாஸ்டர். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். கூட்டம் கூடிவிட்டது, விரதகாரர்கள், "ஓமோம், சாமியை இப்பிடிப் போட்டு ஆட்டுறாங்கள்" என்று மாஸ்டரின் பக்கம் சேர்ந்தார்கள். விதானையார் கூடையை மூடிக் கட்டச் சொன்னார். பாம்பு பறிமுதல். பள்ளிக்கூடத்துக்கு வந்து கதை என்று அவனுக்குச் சொல்லப்பட்டது. அவன் கெஞ்சவில்லை. கூடையின் மூடியில் கையை வைத்து, தன் மொழியில், தெலுங்கு என்று நினைக்கிறேன், பாம்போடு ஏதோ கதைத்தான். சனம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

பல்லில்லாத பாம்பு வெளியில் விட்டாலும் இரை பிடிக்கமாட்டாது, பட்டினி கிடந்து சாகும் என்றார் மாஸ்டர். "அதைவிட நாலு பிள்ளையள் பாத்துப் படிக்கிறது நல்லதில்லையே தம்பி? உவங்கள் செய்யிற கொடுமை சனத்துக்கு விளங்க வேணும்." வாயைத் திறந்து, பல் பிடுங்கிய புண் தெரிகிற மாதிரிப் போத்தலில் வைப்பது என்று முடிவாகிற்று. கண்காட்சியின் முன் மேசைக்கு அதுதான் என்றார். நான் முதலில் கடதாசியை எழுதினேன், இரண்டு வரியும். பிறகு தகரப் பெட்டிக்குள் குளோரபோம் ஊற்றிய பஞ்சைப் போட்டேன். கூடையைத் திறந்ததும் அது எழுந்து நின்றது. சீறவில்லை. என் கை இந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கம் சாய்ந்தது, அந்தப் பக்கம் போனால் அந்தப் பக்கம் சாய்ந்தது. என் கையை அவனுடைய மகுடி என்று நினைத்து ஆடியதாக்கும். அந்த ஆட்டத்தோடேயே அதை இடுக்கியால் பிடித்துப் பெட்டிக்குள் இறக்கினேன்.

பின்னேரம், அசைவு நின்ற பிறகு, மேசையில் கிடத்தி வாயைத் திறந்தேன். மேலே, இரண்டு பக்கமும், தசையுறைக்குள்ளிருந்து இரண்டு பல். வெள்ளையாக, முழுசாக, ஊசிமுனையோடு. ஒரு சின்னக் காயமில்லை, தழும்பில்லை. "சேர்" என்று கூப்பிட்டேன். மாஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். பென்சில் முனையால் ஒரு பல்லைத் தொட்டுப் பார்த்தார். மற்றப் பல்லையும் அப்படியே தொட்டுப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, என் முகத்தைப் பார்க்காமல், "வாயை மூடி நூலாலை கட்டிப்போட்டு இறக்கு" என்றார். "அப்ப கடதாசி, சேர்?" "எழுதினது எழுதினதுதானே. மேலிடத்துக்கும் அப்பிடித்தான் அறிவிச்சாச்சு. ஒட்டு." ஒட்டினேன். பசையைக் கூட நன்றாகத்தான் பூசியிருக்கிறேன், பாருங்கள், இன்றுவரை ஓரம் கிளம்பவில்லை.

இரண்டு நாள் கழித்து அவன் வந்தான். கீரிமலையிலிருந்து நடந்தே வந்திருக்கிறான். மாஸ்டர் வாசலிலேயே நின்று கதைத்தார், ஆய்வுகூடத்துக்குள் விடவில்லை. "பாம்பை விட்டாச்சு. உந்தப் பின்பக்கத்துப் பனங்காணிக்கை விட்டாச்சு. அது இப்ப சுதந்திரமாய் இருக்கு, நீ போ" என்றார். அப்படி ஒரு பொய்யை அவர் வாயால் கேட்பேன் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. வகுப்பில் ஒரு வண்ணத்துப்பூச்சியின் சிறகில் எத்தனை புள்ளி என்பதைக்கூடத் தவறிச் சொல்லாத மனிதர்! அவன் உடனே நம்பிவிட்டான். முகத்தில் ஒரு நிம்மதிகூட வந்தது. "எந்த இடம் ஐயா? இடத்தைக் காட்டுங்க, நான் கூப்பிட்டா வரும்" என்றான். மாஸ்டர் என்னைப் பார்த்தார். இடத்தைக் காட்டப் போனவன் நான். ஒரு வடலிப் பனையைக் காட்டினேன்.

மூன்று நாள் அந்த வடலிக்கு முன்னால் இருந்தான். மகுடி ஊதுவான், நிறுத்துவான், கதைப்பான், திரும்ப ஊதுவான். இரண்டாம் நாள் வெயில் பொறுக்காமல் நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்போதுதான் சொன்னான். அவனுடைய தமிழ் மட்டக்களப்புப் பக்கத்துத் தமிழ். "இது பங்குனியில புடிச்சது தம்பி. வாற வழியில ஒரு புத்து. மாரிக்கு முன்னம் திருப்பிக் கொண்டுவந்து உன்ட புத்திலயே விடுறன், அதுவரைக்கும் எங்களுக்குச் சோறு போடு எண்டு கேட்டுத்தான் புடிச்சன். என்ட புள்ளையள் மேல ஆணை வெச்சன். எங்கட ஆக்கள் எல்லாரும் அப்பிடித்தான். தவணை தப்பினா அந்தப் புத்துப் பக்கம் ஒருத்தரும் பொறகு போகேலா." நான் பல்லைப் பற்றிக் கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. அவனுக்கு உண்மையாகவே கோபம் வந்தது. "பல்லைப் புடுங்கினா திரும்பப் போய் அது எப்பிடி இரை எடுக்கும்? நஞ்சைக் கறந்து ஊத்திருவம். முழுசா வாங்கினதை முழுசாத்தானே குடுக்கணும்."

இன்னொன்றும் சொன்னான். வழியில் மறிக்கிறவர்கள் எல்லாரிடமும் அட்டை கேட்கிறார்கள், அவர்களிடம் அட்டை கிடையாது. "கூடையைத் திறந்து காட்டுவன், ஊதுவன். துவக்கை வெச்சிக்கிட்டுச் சிரிப்பாங்க, போ எண்டு விட்ருவாங்க. வெறுங்கூடையோட போனா நான் ஆரெண்டு தம்பி சொல்லுற?" அந்தப் பாம்பு அவனுக்குச் சோறு மட்டுமில்லை, அதுதான் அவனுடைய அட்டையும். நான் நூறு அடி நடந்தால் அலுமாரி. திறப்பு என் இடுப்பில் தொங்கியது. ஒரு சொல், "அண்ணை, அது செத்துப்போச்சு, போய் வேறை ஒண்டு பிடி" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், அவன் அழுதிருப்பான், என்னைத் திட்டியிருப்பான், ஆனால் வேறொரு புற்றைத் தேடிப் போயிருப்பான். நான் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். மாஸ்டரைக் காட்டிக்கொடுப்பதா என்ற நினைப்பு வேறு. காலியான தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு வந்து கழுவி வைத்தேன். ஆய்வுகூடத்தில் மாஸ்டரிடம், தவணையைப் பற்றி, பிள்ளைகள்மேல் ஆணை பற்றி எல்லாம் சொன்னேன். அவர் எழும்பிப் போய் யன்னலைச் சாத்தினார். மகுடிச் சத்தம் அப்படியும் கேட்டது.

மூன்றாம் நாள் பொழுதுபடும் நேரத்தில் சத்தம் நின்றது. கீரிமலையில் அவர்களுடைய ஏழு நாள் கிட்டிவிட்டதாக்கும், போய்விட்டான். வடலியடியில் ஒரு சிரட்டையில் பால் வைத்துவிட்டுப் போயிருந்தான். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பள்ளிக்கூடத்து மதிலோரம் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அடுத்த கிழமை கண்காட்சி நடந்தது. எங்கெங்கோ பள்ளிக்கூடங்களிலிருந்து பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். முன் மேசையில் அந்தப் போத்தல். "ஐயோ பாவம், பல்லைப் பிடுங்கியிருக்கிறாங்கள்" என்று சின்னப் பிள்ளைகள் கண்கலங்கினார்கள். மாஸ்டர் அன்று முழுக்க அந்த மேசைப் பக்கம் வரவில்லை. பறவைகளின் படங்கள் இருந்த அறையிலேயே நின்றுகொண்டார்.

மாரி தொடங்கி இரண்டு மழை பெய்த பிறகு ஒரு பெண் வந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை, காலில் சேறு. அவனுடைய மனைவி. தெற்கே போகும் வழியில் துவக்கோடு நின்றவர்கள் மறித்திருக்கிறார்கள். கூடையைத் திறந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள், உள்ளே ஒன்றுமில்லை. பாம்பு எங்கே என்று கேட்டதற்கு, ஒரு மாஸ்டர் பறித்து விட்டுவிட்டார் என்றிருக்கிறான். வெறுங்கூடைக்குள் எதை வைத்துக் கொண்டுபோனாய், ஆருக்குக் கொண்டுபோனாய் என்று கேட்டு, அவனை மட்டும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். எத்தனையோ வாசலில் போய் நின்றிருக்கிறாள். கடைசியாக ஒரு இடத்தில், அவன் பாம்பாட்டிதான் என்று அந்த மாஸ்டரிடம் கடிதம் வாங்கி வா, பார்ப்போம் என்றிருக்கிறார்கள். "ஒரு கடுதாசி போதும் ஐயா, பாம்பை நீங்கதான் எடுத்தீங்க எண்டு ஒரு கடுதாசி" என்றாள். சேற்றுக் காலோடு உள்ளே வரப் பயந்து, மழைத் தூறலில் நின்றே சொன்னாள்.

நான் மாஸ்டரிடம் ஓடினேன். அவர் முகம் சாம்பலாகிவிட்டது. "பல்லுப் பிடுங்கின பாம்பெண்டு எழுத்திலை குடுத்திருக்கிறன். கடிதம் குடுத்தால் விசாரிப்பாங்கள். போத்தலைத் திறந்து வாயைப் பாப்பாங்கள். பிறகு நான்தான் பதில் சொல்ல வேணும்" என்றார். "சேர், ஒரு மனுசனின்ரை உயிர்" என்றேன். அவரை எதிர்த்து நான் பேசிய முதல் சொல் அது. "ஆளின்ரை பேர்கூட எனக்குத் தெரியாதே தம்பி, நான் என்னெண்டு எழுதுறது?" என்றார். ஊரிலுள்ள எல்லாக் குருவிகளின் பெயரும் தெரிந்தவர். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மேசையைக் கவிழ்த்திருப்பேன். கவிழ்க்கவில்லை, வெளியே வந்தேன்.

நானே எழுதினேன், என் வடிவான எழுத்தில். அவள் தன் புருஷனின் பெயரைச் சொன்னாள். எனக்குப் பழக்கமில்லாத பெயர், இரண்டு தரம் கேட்டு எழுதினேன். பள்ளிக்கூட முத்திரை அதிபரின் அறையில் இருந்தது, எனக்கு அது எட்டாது. முத்திரையில்லாத கடிதம், ஒரு ஆய்வுகூட உதவியாளனின் கையெழுத்து. மழை பிடிக்கத் தொடங்கியது, குழந்தை நனையாமல் உள்ளே வரச் சொன்னேன். நான் கடிதத்தை மடித்துக்கொண்டிருக்கையில் அவள் அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் அசையாமல் நின்றாள். பார்த்துவிட்டாள். படத்தின் பின்பக்கத்து அடையாளத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. குழந்தையின் முகத்தை மற்றப் பக்கம் திருப்பினாள். பிறகு போத்தலைக் காட்டி, "இதில என்ன எழுதியிருக்கி?" என்று கேட்டாள்.

"நாகம் எண்டு எழுதியிருக்கு" என்றேன்.

அவள் கடதாசியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நாகம் எண்டு மட்டுமா? நீளமா எழுதியிருக்கே" என்றாள்.

நான் கடிதத்தை இன்னொரு தரம் மடித்தேன். அவள் என் கையிலிருந்த கடிதத்தை வாங்கி, சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, மழைக்குள் இறங்கிப் போனாள். அந்தக் கடிதத்தில் நான் எழுதியதையாவது அவள் நம்பியிருப்பாளா? அந்த மனிதன் திரும்பி வந்தானா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு குறவர்கள் எங்கள் பக்கம் வரவேயில்லை. ஊரில் யாரும் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

பதினொரு வருடம் கழித்து, தொண்ணூற்றைந்து ஐப்பசியில், வலிகாமத்துச் சனம் முழுக்க ஒரே இரவில் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. மழை, சேறு, சைக்கிளில் மூட்டை, மூட்டைக்கு மேல் கோழி, அதற்குப் பக்கத்தில் குழந்தை. மீசாலைப் பக்கம் ஒரு தென்னங்காணியில் எங்கள் குடும்பம் சீலையைக் கட்டிக் கூடாரம் போட்டது. அடுத்த மரத்தடியில் கிழிந்த தறப்பாளுக்குக் கீழே, சாக்கில் குந்தியிருந்தார் மாஸ்டர். இளைப்பாறி, மனைவியும் போய்த் தனி ஆளாகியிருந்தார். காணிக்காரர் வந்தார், நல்ல மனிதர், பானையில் தண்ணீரும் கொண்டுவந்தார். "எத்தினை நாளைக்கு இருப்பியள்? குறை நினையாதேங்கோ, விறகு முறிக்கக்கூடாது, கிணத்தடியிலை கூட்டம் கூடக்கூடாது" என்றார். எத்தனை நாள் என்று எங்களில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. பின்னேரம் பதிவு எழுத ஒருவர் கொப்பியோடு வந்தார். மாஸ்டருக்கு முன்னால் குனிந்து, "நீங்கள் எந்த விதானையின்ரை ஆள் ஐயா?" என்று கேட்டார்.

மாஸ்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் சாகுமட்டும் மறக்கமாட்டேன். பேயைக் கண்டவர் மாதிரி வாய் பாதி திறந்தபடி நின்றுவிட்டது. கொப்பிக்காரர் இரண்டாம் தரம் கேட்க, நான்தான் அவருக்காகப் பதில் சொன்னேன். அன்று அவர் சாப்பிடவில்லை. அடுத்த நாள் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "உந்தப் போத்தலை என்ன செய்தனி?" என்று கேட்டார். பதினொரு வருடத்தில் அதைப் பற்றி அவர் பேசிய முதல் வார்த்தை அது. "அலுமாரிக்குள்ளைதான் சேர்." "அந்தக் கடதாசியை மாத்தி எழுதடாப்பா. நான் சொன்னனான் எண்டு எழுது. என்ரை பேரைப் போட்டே எழுது." ஓம் என்றேன். கையை விடாமல் பிடித்திருந்தார், பிறகு விட்டார். அந்த மழைக்குள்ளேயே காய்ச்சல் கண்டு, மார்கழியில் அந்தத் தறப்பாளுக்குக் கீழேயே செத்துப்போனார். அவருக்கு மாரி முடியும்வரை தவணை கிடைக்கவில்லை.

சித்திரையில் ஊருக்குத் திரும்பினோம். ஆய்வுகூடத்தின் கூரை பாதி இல்லை, அலுமாரி மட்டும் நின்றது. போத்தலும் இருந்தது. நான் மாற்றி எழுதினேனா? இல்லை. இன்றைக்கு, நாளைக்கு என்றிருந்து, கடைசியில் மற்றப் போத்தல்களுக்குப் பின்னால் தள்ளி வைத்துவிட்டேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றாத வரிசையில் மாஸ்டருக்குப் பின்னால் நானும் நின்றேன். இளைப்பாறிப் போகும்போதுகூட அந்த அலுமாரியின் பின்தட்டை நான் எட்டிப் பார்க்கவில்லை. அது அங்கேயே கிடந்து, இப்போது இந்தப் பிள்ளையின் கையில் துடைபட்டு மேசைக்கு வந்திருக்கிறது.

"எறியவோ, வைக்கவோ ஐயா?" என்று ஆசிரியை கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பிள்ளை வாயில் கையை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு ஒரு வெள்ளைக் கடதாசியையும் பேனையையும் என் முன்னால் வைத்தது. கை முந்திமாதிரி இல்லை, நடுங்குகிறது. ஆனாலும் எழுதினேன். முதல் வரியில் அதே விஞ்ஞானப் பெயர், ஒரு எழுத்துக்கூடத் தடக்காமல் வந்தது. இரண்டாவது வரியில், பல் பிடுங்கப்படாத நாகம். மூன்றாவது வரியில், மாஸ்டர் கேட்டபடியே அவருடைய பெயரைப் போட்டு, அவரும் நானும் சேர்ந்து இதைக் கொன்றோம் என்று எழுதினேன். நான்காவது வரியில், மாரிக்கு முன்னம் இதன் புற்றில் கொண்டுபோய் விடுவதாகச் சொல்லி இதைப் பிடித்து வளர்த்தவர் என்று எழுதிக்கொண்டு வந்தேன்.

"அவரின்ரை பேர் என்ன ஐயா?" என்று கேட்டார் ஆசிரியை.

பேனை நின்றுவிட்டது. அவள் இரண்டு தரம் சொன்ன பெயர், என் கையாலேயே கடிதத்தில் எழுதிய பெயர். கண்ணை மூடிப் பார்த்தேன். தலைப்பாகை தெரிகிறது, கூடை தெரிகிறது, வடலியடியில் பால் வைத்த சிரட்டை தெரிகிறது. பெயர் வரவில்லை. "கொஞ்சம் பொறு பிள்ளை" என்றேன். அந்தப் பிள்ளை இன்னும் பொறுத்துக்கொண்டிருக்கிறது. போத்தல் மேசையில்தான் இருக்கிறது, கடதாசி பக்கத்தில் கிடக்கிறது, நான்காவது வரியின் கடைசி இடம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது.